போட்டோ அம்மாவின் வரவேற்பு நடனம்

பாப்பா,

நேற்று மாலை உன் அப்பா ஆபீசிலிருந்து விமான டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். போவதற்கு மூன்று. திரும்பி வருவதற்கு இரண்டு. நீ உன் டிக்கெட்டை எடுத்து விசிறிக்கொண்டே அறைக்கு அறை ஓடினாய். ஏப்ரல் கடைசியில் லீவுக்குத் திருச்சி போகிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் நீ அங்கேயே என் அக்கா வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. சவூதியில், இந்த அல் கோபாரில், நமக்குத் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் செய்வதுதான். "எப்படியும் அனுப்பத்தானே போறோம். சின்ன வயசுலயே அனுப்பிட்டா பழகிடும்" என்றார் அப்பா. நான் அவர் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

இன்று அவர் டியூட்டிக்கும் நீ பள்ளிக்கும் போன பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு இப்போது ஆறு வயது. ஆனால் ஆறு வயதுக்காரிக்கு இதை எழுதவில்லை. எனக்கு இருபத்தெட்டு. உனக்கும் அந்த வயது வரும்போது இதைக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். ஒரே வயதுள்ள இரண்டு பெண்களாக நாம் பேசிக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டுப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அது உனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருக்கும். அல்லது, என்னோடு வளராததால், தெரியாமலே போயிருக்கும். அந்த இரண்டாவதுதான் என் பயம்.

உன்னை ஏற்கெனவே ஒருமுறை விட்டுவிட்டு வந்தவள் நான். அப்போது உனக்குப் பதினோரு மாதம். நெஞ்சில் சளி கட்டும் குழந்தை, பாலைவன வெயில் தாங்குமோ என்னவோ என்றார்கள். முதலில் நாங்கள் இருவரும் போய் வீடு பார்த்து, ஆறு மாதத்தில் உன்னை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. குழந்தையில்லாத என் அக்கா கையை நீட்டி உன்னை வாங்கிக்கொண்டாள். ஆறு மாதம் இரண்டரை வருஷமாயிற்று. கம்பெனிக்குப் பொறுப்பான அரபுக்காரர், கஃபீல், நடுவில் மாறிவிட்டார். உன் விசாக் காகிதங்கள் முதலிலிருந்து தொடங்கின. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அக்காவின் கடிதம் வரும். பாப்பாவுக்கு எட்டுப் பல். பாப்பா படி இறங்குகிறாள். ஒரு தடவை உன் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பினாள். அந்தக் காகிதத்தை இந்த வீட்டுத் தரையில் வைத்து, நீ நின்றால் எந்த அளவு இடம் பிடிப்பாய் என்று பார்த்தேன். மறுநாள் இன்னோர் இடத்தில் வைத்துப் பார்த்தேன்.

அந்த நாட்களில் என் வாழ்க்கை இந்த இரண்டாம் மாடி வீட்டுக்குள் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அப்பா காலை ஐந்தரைக்குப் போனால் மாலை ஆறுக்கு வருவார். ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களை மூன்று மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகு பால் பவுடர் டப்பாவில் அச்சடித்திருப்பதையும் படித்தேன். சில நாட்களில் மாலை அப்பா கதவைத் தட்டி நான் "வந்துட்டீங்களா" என்று கேட்கும்போதுதான், அன்றைக்கு என் குரலை நானே முதல் தடவையாகக் கேட்கிறேன் என்று உறைக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் கம்பெனிப் பெண்களைக் கடைக்கு அழைத்துப் போக, திரை போட்ட பஸ் ஒன்று வரும். திரும்பும் வழியில் அமெரிக்கர்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் இரண்டு மணி நேரம் நிற்கும். அங்கே பெண்களுக்கென்று ஒரு கூடம். புத்தக அலமாரி இருப்பதாகச் சொன்னார்கள், அதற்காகத்தான் இறங்கினேன். உள்ளே எட்டுப் பத்துப் பெண்கள் செருப்பில்லாமல் வரிசையாக நிற்க, ஓர் உயரமான கறுப்பு அமெரிக்கப் பெண் கவிழ்த்துப் போட்ட பால் பவுடர் டப்பாவில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் லொரெய்ன். எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி. என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தாமலே, "உள்ள வா, வாசல்ல நின்னா ஏசி போயிடும். யல்லா!" என்றாள். அந்த 'யல்லா' மட்டும் அரபு, சீக்கிரம் என்று அர்த்தம். மற்றதெல்லாம் இங்கிலீஷில்தான். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

அது மேற்கு ஆப்பிரிக்க வழியில் அமைந்த ஒரு வரவேற்பு நடனம். முழங்காலை மடித்து, முதுகைச் சற்று முன்னால் சாய்த்து, தரை நம்மைத் தாங்கும் என்று நம்பிக் கால் வைக்க வேண்டும். கை முதலில் நெற்றிக்குப் போகும்: என் நினைப்பு உனக்கு. பிறகு உதட்டுக்கு: என் சொல் உனக்கு. பிறகு நெஞ்சுக்கு. கடைசியில் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கை ஒருமுறை, புறங்கை ஒருமுறை, மறுபடி உள்ளங்கை: பார், ஒளித்து வைத்த ஆயுதம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கோலாட்டம் ஆடியதோடு சரி, நான் வேறு எதுவும் ஆடியதில்லை. என் கைகள் இல்லாத குச்சிகளைத் தேடிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் ஆடிய எஃபுவா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கானா நாட்டுக்காரி, டாக்டரின் மனைவி. "நீ விருந்தாளியை வரவேற்கிறாயா, கொசு அடிக்கிறாயா?" என்றாள். இங்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், அன்றுதான் நான் வேறொருத்தியோடு சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் கடைசி அசைவு எனக்கு வரவே இல்லை. நெற்றி, உதடு, நெஞ்சு என்று வந்த கைகள் முன்னே நீளாமல் தாமாகவே குவிந்து வணக்கம் சொல்லிவிடும். மூன்றாவது வாரம் லொரெய்ன் டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள்.

"கையை மூடிட்டியே. உள்ள என்ன வச்சிருக்கேன்னு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல இதுதான் மரியாதை."

"மரியாதை நல்லதுதான். ஆனா இது மரியாதை இல்ல, பரீட்சை. வர்றவங்க உன்னைச் சோதிக்கிறாங்க. நீ கையைக் காட்டிட்டு நிக்கணும், அவ்வளவுதான்."

"கிட்டப் போய்க் கூட்டிட்டு வரக் கூடாதா?"

"கூடவே கூடாது. நீ கிட்டப் போனா அது பிடிக்கிறது. அவங்க வந்தாத்தான் வரவேற்பு."

எந்த விஷயமானாலும் அதன் மூலத்தைத் தேடிப் போகிற புத்தி எனக்கு. அந்தக் கூடத்து அலமாரியில் இருந்த கலைக்களஞ்சியத்தை எடுத்து, அவள் சொல்லியிருந்த லைபீரியாவைப் புரட்டினேன். ரப்பர் இருந்தது, இரும்புத் தாது இருந்தது, மழை அளவு இருந்தது. நடனம் இல்லை. லொரெய்னிடமே கேட்டேன். சிகாகோவில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில், பாய்லர் சத்தத்துக்குப் பக்கத்தில் கற்றுக்கொண்டேன் என்றாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் நியூயார்க் மேடையில் ஆடியவர். அதற்கு முன்னால்? "லைபீரியாவுல 'வை'ங்கிற ஜனங்க இருக்கிற பகுதின்னு சொல்வாங்க. ஆனா அங்கிருந்து அப்படியே வந்தது இல்ல. அசைவு கொஞ்சம் அங்கேயிருந்து, பாட்டு எங்கெங்கிருந்தோ. கடலுக்கு எங்க பக்கம் வச்சு ஒண்ணாத் தைச்சாங்க."

"அதான பார்த்தேன்! இதை எங்க ஊர்ல ஆடினா எங்க அத்தை எழுந்து போயிடுவாங்க" என்றாள் எஃபுவா. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. பழைய பாத்திரம் என்று வாங்கியதில் புதிதாக ஈயம் பற்றவைத்த தடம் தெரிந்தால் வருமே, அந்த மாதிரி. லொரெய்ன் என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். டவலால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "என் பாட்டிக்குப் பாட்டியை எந்தத் துறைமுகத்துல கப்பல்ல ஏத்தினாங்கன்னு யாருக்கும் தெரியாது. நான் திரும்பிப் போனா எந்த ஊர் என்னை 'வா'ன்னு சொல்லும்? யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால சொல்லக் கத்துக்கிட்டோம்."

எஃபுவா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நடனம் எனக்குத் தெரியாது. ஆனா எங்க வீட்ல யார் வந்தாலும் முதல்ல உட்கார வச்சுத் தண்ணி குடுப்போம். குடிச்ச பிறகுதான் எதுக்கு வந்தீங்கன்னு கேப்போம். காரணம் தெரிஞ்சிருந்தாலும் கேக்கணும். அவங்க வாயால சொல்லணும்" என்றாள். இந்த இரண்டு பேர் சொன்னதையும் நீ நினைவில் வைத்துக்கொள். எனக்கு இவை பிறகு தேவைப்பட்டன. உனக்கும் ஒருநாள் தேவைப்படும்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுபத்தேழாம் வருஷம் ஜனவரியில் ஒருநாள் அப்பா படி ஏறும்போதே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "பாப்பா விசா வந்தாச்சு! அடுத்த வாரம் நம்ம ஆள் ஒருத்தர் குடும்பத்தோட வர்றார். அவங்களோட அனுப்பச் சொல்லித் தந்தி குடுக்கட்டுமா?" பிப்ரவரிக் கடைசியில் கம்பெனித் தலைவரின் மனைவி அமெரிக்காவிலிருந்து வருவதாக இருந்தது. அவர்முன் எங்கள் நடனம். நான் இரண்டாம் வரிசையில் நடுவில். நீ வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை பஸ் கிடையாது, லொரெய்ன் கிடையாது, டப்பாத் தாளம் கிடையாது. ஒரு நொடிதான் யோசித்திருப்பேன். "இப்போ ரொம்பக் குளிர். அவளுக்கு நெஞ்சுச் சளி. மார்ச்ல கோமதி வர்றாளே, அவளோட வரட்டும்" என்றேன். அப்பா என்னைத் தேற்றுவதாக நினைத்து, "நீ சொல்றதும் சரிதான், இத்தனை நாள் பொறுத்தாச்சு" என்றார். யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியை வரவேற்பதற்காக, உன்னை இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன், பாப்பா. இதற்கு நான் எந்தச் சமாதானமும் எழுதப்போவதில்லை. நீயும் தேட வேண்டாம்.

நடனம் நன்றாகவே நடந்தது. கடைசியில் மற்ற பெண்கள் எல்லாரும் உள்ளங்கையைத் திறந்து காட்டி நிற்க, நான் மட்டும் பழக்கதோஷத்தில் கைகளைக் குவித்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு அதுதான் மிகவும் பிடித்துப்போய், என்னைப் பார்த்துக் கை தட்டினார். லொரெய்ன் தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்ச்சில் நீ வந்தாய். கோமதி, அப்பாவோடு வேலை பார்ப்பவரின் மனைவி, கோயம்புத்தூர்க்காரி. இங்கே பக்கத்திலிருக்கும் தஹ்ரான் விமான நிலையத்தில் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வளரும் வளரும் என்று அக்கா பெரிதாக மடித்துத் தைத்த சிவப்புக் கவுனில் நடந்து வந்தாய். ஒரு வருஷம் நான் எதைக் கற்றுக்கொண்டேனோ அதில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஓடிப் போய் உன்னை அள்ளித் தூக்கினேன். நீ வீறிட்டுக் கத்தினாய். "அம்மா! அம்மா!" என்று கத்தினாய், என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்து.

"ஏனுங் கண்ணு, இவங்கதானுங்க உங்க அம்மா" என்று கோமதி கெஞ்சினாள்.

"இது அம்மா இல்ல! இது போட்டோ அம்மா! எனக்கு எங்கம்மா வேணும்!"

அக்கா வீட்டு அலமாரியில் இருந்த என் படத்தைக் காட்டி அப்படித்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நீ கத்திய கத்தலில் ஒரு போலீஸ்காரர் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டார். தாயின் பெயர் இருந்த வரியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நீ என்னை உதைத்துக்கொண்டிருந்தாய். கடைசியில் "கலாஸ், யல்லா", சரி போங்கள், என்று பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். உனக்கு நான் அம்மா என்பதற்கு அன்றைக்கு அந்தக் காகிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அடுத்த ஆறு வாரம் நீ உன் செருப்பை வாசல் கதவை ஒட்டி வைத்திருந்தாய். சாப்பிடுவதும் அங்கேயே. "பிளேன் பாத்தாச்சு, போலாம்" என்பாய். பிளேன் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அக்கா உன்னைக் கோமதியோடு அனுப்பியிருக்கிறாள். ஏதாவது வேண்டுமென்றால் கோமதியைக் கூப்பிட்டது போலவே என்னையும் கூப்பிடுவாய். "ஆன்ட்டி, தண்ணி." நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். நெருங்க நெருங்க நீ சுவரோடு ஒட்டினாய். பொம்மை வாங்கினேன், மிட்டாய் வாங்கினேன், ஒருநாள் பொறுமை இழந்து உன் செருப்பைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினேன். அன்று முழுவதும் நீ சாப்பிடவில்லை.

அதற்குள் லொரெய்னின் கணவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றலாகி அவர்கள் போய்விட்டார்கள். வகுப்பு நின்றுவிட்டது. ஒரு காலை நேரம் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, கையைத் துடைத்துக்கொண்டு தனியாக ஆட ஆரம்பித்தேன். உனக்காக ஆடவில்லை. நீ பார்ப்பாய் என்றுகூட நினைக்கவில்லை. எனக்கு யாருமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். சிறிது நேரத்தில் தாளம் கேட்டது. நீ சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஸ்பூனால் பால் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாய். தாளம் என்றால் தாளமே இல்லை. நான் திரும்பிப் பார்க்காமல் ஆடினேன். நெற்றி. உதடு. நெஞ்சு. கைகளை நீட்டினேன். உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கை. முதல் தடவையாக அவை குவியவில்லை. கிட்டப் போகாதே, கிட்டப் போகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்படியே நின்றேன். கை வலிக்கும்வரை நின்றேன்.

நீ மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாய். என் வலது கையைப் புரட்டிப் பார்த்தாய். முகர்ந்து பார்த்தாய்.

"ஒண்ணுமே இல்ல" என்றாய்.

"ஒண்ணும் இல்ல."

"இங்க?" என்று ரவிக்கைக் கைக்குள் விரலை விட்டுத் துழாவினாய்.

"அங்கயும் இல்ல."

அப்போதுதான் எஃபுவா சொன்னது நினைவுக்கு வந்தது. உன்னை நாற்காலியில் ஏறி உட்காரச் சொன்னேன். டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். முழுவதும் குடித்தாய். பிறகு, பெரியவர்களைக் கேட்பது போலக் கேட்டேன். "எதுக்காக வந்திருக்கீங்க?"

நீ காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாய். "பிளேன் பாக்க வந்தேன். அப்புறம் போயிடுவேன்."

"எப்போ?"

"தெரியல."

"அதுவரைக்கும் இங்க இருக்கீங்களா?"

"ம்" என்றாய். "செருப்பைக் குடுங்க."

கொடுத்தேன். நீ அதைக் கதவருகில் வைக்காமல், என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. 'அம்மா' என்று நீ கூப்பிட மேலும் நாலு மாதம் ஆயிற்று. அதுவும் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது, "அம்மா, யாரோ கதவைத் தட்டுறாங்க" என்று போகிற போக்கில் சொன்னாய். போய்க் கதவைத் திறந்தேன். யார் வந்திருந்தார்கள் என்று இன்றுவரை நினைவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன். நிறுத்த முடியாது. நீ வந்த பிறகு அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "பாப்பா தூங்கும்போது தன் வலது காதைப் பிடிச்சுக்குவா. தட்டி விடாதே" என்று மட்டும் இருந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை. நீ அவளை மறந்தால்தான் என்னிடம் சேர்வாய் என்று கணக்குப் போட்டு, அவள் படத்தை எடுத்துப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அவள் பெயரை வீட்டில் பேசவிடவில்லை. நீ கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினேன். குழந்தைகள் மறப்பார்கள் என்பது உண்மைதான், நீ மறந்தாய். எனக்கு நடந்ததை நான் அப்படியே திருப்பி அவளுக்குச் செய்தேன். போன மாதம் ஊருக்குப் போவது முடிவான பிறகுதான் அந்தப் படத்தை எடுத்து வெளியே வைத்து, "இதுதான் பெரியம்மா" என்று உனக்குக் காட்டினேன். நீ அடையாளம் தெரியாமல் தலையாட்டினாய்.

அதனால் இன்று காலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "பாப்பாவுக்கும் ரிட்டர்ன் டிக்கெட் போடுங்க."

"எதுக்கு? அவதான் அங்க படிக்கப் போறாளே."

"போடுங்க. ஸ்கூல் திறக்கற அன்னிக்கு அவளைக் கேப்போம்."

"ஆறு வயசுக் குழந்தைகிட்ட என்னத்தைக் கேக்கிறது? டிக்கெட் வீணாப் போகும்."

"போகட்டும்."

இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் இரண்டாம் முறை அழுத்திச் சொல்லும் வார்த்தை இது. முதல் முறை சொன்னது, "மார்ச்ல வரட்டும்". அவர் மேசைமேல் இருந்த டிக்கெட்டுகளை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த நாள் வரும்போது நான் உன்னை இழுக்க மாட்டேன். அக்காவையும் இழுக்கவிடாமல் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். நீ அவளிடம் இருக்கிறேன் என்று சொன்னால், உன் டிக்கெட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, இந்த ஜன்னலுக்கு எதிரே உட்காருவேன். அதற்கு என்னைத் தயார் செய்துகொள்ளத்தான் இவ்வளவு எழுதுகிறேன் போலிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாய் என்பது இதைப் படிக்கிற உனக்குத் தெரியும். எழுதுகிற எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தத் தேர்வுக்காக என்னிடமோ பெரியம்மாவிடமோ ஒருநாளும் மன்னிப்புக் கேட்காதே.

இவ்வளவு எழுதியிருந்தபோது பள்ளி வேன் சத்தம் கேட்டது. நீ மேலே வந்து பையைப் போட்டுவிட்டு, நான் எழுதுவதைக் கவனிக்காமல், அலமாரியில் இருக்கும் அக்காவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாய்.

"அம்மா, இந்த போட்டோ பெரியம்மாவுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத்தான் அவங்களைத் தெரியல."

"ஆமாம்."

"அப்போ யாரு கையைக் காட்டணும்? அவங்களா, நானா?"

நீயே ஒரு முடிவுக்கு வந்தவளாக, என்னோடு ஆடிப் பழகியபடியே நெற்றியையும் உதட்டையும் நெஞ்சையும் தொட்டு, அந்தப் படத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாய். உள்ளங்கையில் பென்சில் கரி. புறங்கையைத் திருப்பினாய். மறுபடி உள்ளங்கை. கிட்டப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாய்.

அம்மா